திருப்புளி மாட்டிய ஆல்டர்னேட்டர்

சொந்தக்காரர்கள் வீட்டில் எது பழுதானாலும் அவள் தலையில்தான் விழும். மிக்ஸி சுற்றாது, கதவு மூடாது, இஸ்திரிப் பெட்டி சூடேறாது. உடனே போன் வரும். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கிய நாளிலிருந்து அவளுக்குத் திருப்புளி என்ற பெயரே நிலைத்துவிட்டது. கூப்பிட்ட குரலுக்கு ஓடுவாள். சாமான் ஓடத் தொடங்கியதும் அவளை மறந்துவிடுவார்கள். அதை அவள் கண்டுகொண்டதில்லை. நல்ல குணம் என்பார்கள்; நான் அசட்டுத்தனம் என்பேன்.

ஆயத்த ஆடை ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை அவளுக்கு. ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த ஆலையில் மேற்பார்வையாளராக வரச்சொல்லிக் கேட்டார்கள். விடியற்காலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. அப்பா விட்டுப்போன பழைய கார் அக்கா வீட்டு வாசலில் தூசி படிந்து கிடந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஓட வச்சிட்டேன்னா நீயே எடுத்துக்கோடி. இங்க சும்மாதானே கிடக்கு" என்றாள் அக்கா.

அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பழைய வேலையை விட்டாள். வண்டியின் காகிதமெல்லாம் அக்கா பெயரில் இருந்தது. கூடப் பிறந்தவளிடம் போய் எழுதியா வாங்குவார்கள்?

பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் கார் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து படுத்துவிடும். ஆல்டர்னேட்டர் போய்விட்டது, ஓடும்போது பாட்டரிக்குக் கரண்ட் ஏறவில்லை. கடை கடையாக அலைந்து வேறொன்று வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினாள். பெல்ட் எந்தெந்தச் சக்கரத்தைச் சுற்றி வருகிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு அதைத் தளர்த்தி உருவினாள். கீழ் போல்ட் மட்டும் துருப்பிடித்து, அசைவேனா என்றது. ஸ்பானரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றி இழுத்தாள். போல்ட் விட்டுக்கொடுத்த வேகத்தில் விரல் முட்டியில் தோல் வழன்றுவிட்டது.

அத்தான் வழக்கத்துக்கு மாறாகப் பக்கத்திலேயே நின்றார். டார்ச் பிடித்தார், டீ கொண்டுவந்தார், காயத்துக்கு மருந்து போட்டார். "இன்னிக்கே முடிஞ்சிடுமாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன்மேல் எவ்வளவு அக்கறை என்று அவள் உருகிப்போனாள்.

மாற்றி முடித்துச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. பாட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தாள். கரண்ட் ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது. சந்தோஷம் தாங்காமல் ஹாரனை அழுத்தினாள். அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என் தங்கமே!"

சற்று நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அத்தான் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். வந்தவர் டயரை உதைத்துப் பார்த்தார்.

"சொன்ன மாதிரியே ரெடி பண்ணிட்டீங்க. அப்ப இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறோம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அக்கா அவளைச் சுவரோரமாக இழுத்துப் போனாள்.

"கோவிச்சுக்காதடி. போன வாரமே பேசி முடிச்சாச்சு. ஓடுற வண்டின்னாதான் வாங்குவேன்னுட்டாங்க."

"போன வாரமா? நேத்துகூட, 'உன் வண்டி காத்துக்கிட்டிருக்கு, சீக்கிரம் வா'ன்னியேக்கா?"

"விஷயத்தைச் சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

விற்றதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தெரிந்துகொண்டே கட்டிப்பிடித்தாளே, அதை எப்படி விழுங்குவது? பழைய வேலை போயிற்று, புது வேலைக்குப் போக வழியில்லை. அக்காவுக்கு இது ஒன்றும் தெரியாததல்ல.

ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். வந்தவரின் மனைவி அருகில் வந்தாள்.

"நீங்கதான் ரிப்பேர் பண்ணீங்களாமே? குழந்தைங்களை ஏத்திட்டுப் போற வண்டிம்மா. நம்பி வாங்கலாமா?"

அத்தான் தரையைப் பார்த்தார். அக்காவின் முகம் வெளிறியது. ஒரு சொல்லில் எல்லாவற்றையும் கெடுத்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் இந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

"வண்டியை நம்பலாங்க" என்றாள், அக்காவைப் பார்த்தபடியே.