உச்சிமாகாளி சேர்த்த சைக்கிள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே கோலப்பன் கூல்பார். அங்கே பாட்டில் திறக்கிறவன் உச்சிமாகாளி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அவன் வருகிறதுக்கு முன்னால் அவன் வாய் வந்துவிடும். ஓப்பனரை ஒரு சொடுக்குச் சொடுக்கினான் என்றால் மூடி தெறித்துக் காலடியில் கிடக்கிற பழைய தகர டின்னுக்குள் போய் விழும். குடிக்க வந்தவர்கள் தாகத்தை மறந்து அதையே பார்ப்பார்கள்.

அந்த மூடிகளை யாரும் சீண்டினதில்லை, எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடைக்காலம் வரைக்கும். அந்தக் கோடையில்தான் மின்னல் ஆரஞ்சுக் கம்பெனிக்காரன் ஒரு வேலை செய்தான். மூடிக்கு உள்பக்கம் இருக்கிற தக்கையைப் பெயர்த்தால் அடியில் ஒரு படம். சக்கரம், ஹேண்டில், பெடல், செயின், சீட்டு என்று ஐந்து வகை. ஐந்தையும் சேர்த்து ஆரியசாலையில் இருக்கிற ஏஜென்ட் ஆபீசில் கொடுத்தால் அசல் சைக்கிள் ஒன்று கையோடு கிடைக்கும். அவ்வளவுதான், ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கோர்ட்டு வக்கீல் முதல் கூடை சுமக்கிறவன் வரை நகத்தால் தக்கையைச் சுரண்டிக்கொண்டு நின்றார்கள். சக்கரம் கொட்டிக் கிடந்தது. கையில் சக்கரம் இல்லாத மனுஷனே திருவனந்தபுரத்தில் கிடையாது. சீட்டுதான் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

உச்சிமாகாளியும் கோதாவில் இறங்கினான். குடிக்க வருகிறவர்களிடம் நைசாகப் பேசி, வேண்டாத மூடிகளை வாங்கி டின்னில் போட்டுக்கொண்டான். எதற்கடா உனக்குச் சைக்கிள் என்று கேட்டால், "ஒரு பவுசுக்குத்தான். சங்குமுகம் பீச்சுக்கு ஒரு ரவுண்டு அடிக்கணும்லா!" என்பான்.

பொய். சுத்தப் பொய். அவனுக்குச் சைக்கிள் வேண்டியிருந்தது பெண்டாட்டிக்காக. உலகம்மை கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் கை பட்ட பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று மாமிகளே சொல்வார்கள். விடிகிறதற்கு முன்னால் கரமனையிலிருந்து ஒற்றையாக நடந்து வரவேண்டும். வழியில் கிள்ளிப்பாலத்தில் நாய்க்கூட்டம். போன மாசம் அவை துரத்தியதில் விழுந்து முட்டி பெயர்ந்து, சேலையும் கிழிந்து வந்து நின்றாள். அன்றிலிருந்து உச்சிமாகாளிக்கு ஒரே நினைப்பு. சைக்கிள் மட்டும் இருந்தால் பின்னால் உட்காரவைத்து ஒரே மிதியில் கொண்டுபோய் விட்டுவிடலாமே! ஆனால் இதைக் கடையில் சொன்னால் பெண்டாட்டிதாசன் என்று ஓட்டித் தள்ளிவிடுவார்கள். வீட்டில் சொல்லவும் அவனுக்கு வெட்கம்; ஐந்து மூடி கொடுத்தால் சைக்கிள், சங்குமுகம் சுற்றலாம் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான்.

நாலு படம் சேர்ந்தது. சீட்டுக்காக நாக்குத் தள்ளிப்போனான். "லேய், சீட்டில்லாத சைக்கிளுல நின்னுக்கிட்டே போவியோ?" என்று முதலாளி கோலப்பனே கேலி பண்ணினார்.

ஒருநாள் உச்சி வெயிலில் நெடுமங்காட்டு பஸ் கண்டக்டர் ஒருவர் ஓடிவந்து ஒரு ஆரஞ்சை மடக் மடக்கென்று குடித்தார். போகிற போக்கில் தக்கையைப் பெயர்த்தார். சீட்டு! உச்சிமாகாளி ஓப்பனரைப் போட்டுவிட்டு ஓடினான்.

"சேட்டா, பொன்னு சேட்டா! அத எனக்குத் தரணும். பதிலுக்கு எத்தன சக்கரம் வேணும்னாலும் அள்ளிக்கிடுங்க!"

கண்டக்டர் மூடியையும் பார்த்தார், இவனையும் பார்த்தார். "எடுத்தோ அண்ணாச்சி. எனிக்கு எதுக்கு சைக்கிள்? எனிக்கு பஸ்ஸுண்டல்லோ!" என்று மூடியைச் சுண்டி எறிந்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். மகராசன், நல்லா இருக்கணும்! அன்று சாயங்காலமே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான் உச்சிமாகாளி.

ஐந்து மூடிகளையும் வீட்டில் சுடலைமாடன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். மறுநாள் விடியுமுன்னே முழிப்புத் தட்டிப் பார்த்தால், உலகம்மை அவற்றை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "சாமி முன்னால முடிஞ்சது. நடுவழியில அவுக்காதீங்க. ஆபீசுல போயிதான் அவுக்கணும்" என்றாள். அவனும் அதைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டு, ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு ஆரியசாலைக்கு நடந்தான்.

ஏஜென்ட் ஆபீசில் பகவதிப்பெருமாள் என்றொரு கிளார்க்கு. முடிச்சை அவர்தான் அவிழ்த்தார். உள்ளே ஐந்து மூடி, புதுக் காசு மாதிரி பளபளவென்று. திருப்பினார். உள்பக்கமும் பளபளவென்றுதான் இருந்தது. படம் ஒரு பொட்டு இல்லை.

"எவம்டே இதுக்குப் புளி போட்டுத் தேச்சது?"

உச்சிமாகாளி மூடிகளைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "படம் இருந்துச்சுய்யா! சாமி சத்தியமா அஞ்சும் இருந்துச்சு. சீட்டுகூட இருந்துச்சு!"

"இருந்துச்சு, சரி. இப்ப இல்லியேடே! நாளைக்கு இன்னொருத்தன் சோடா மூடியத் தேச்சுக் கொண்டாந்து சைக்கிளு கேட்டா நான் என்ன செய்ய? போயிட்டு வா."

பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உச்சிமாகாளி கடைக்குப் போகவில்லை. அந்த வெயிலில் விறுவிறுவென்று கரமனைக்கு நடந்தான். இன்றைக்கு அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டே போனான்.

உலகம்மை அப்போதுதான் வேலை முடிந்து வந்து உலை வைத்திருந்தாள்.

"ஏட்டி! மூடிய என்னட்டி செஞ்ச?"

"புளியும் சாம்பலும் வச்சுத் தேச்சேன். பிசுபிசுன்னு எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு. ஆபீஸருமாரு கையில அப்படியேவா கொண்டு குடுக்கது? ஒங்களுக்குத்தான கேவலம்?" என்றாள். அவன் பாராட்டுவான் என்று எதிர்பார்த்து நின்றது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"பாவி மட்ட, அதுக்குள்ளதான் படம் இருந்துச்சு! படம் போயி, சைக்கிளும் போச்சு!"

உலகம்மை ஐயோ என்று வாயில் கை வைத்தாள். பிறகு, "தெரியாமச் செஞ்சிட்டேன், விடுங்க. சங்குமுகத்துக்கு ஊரு சுத்தத்தான கேட்டீங்க? பஸ்ஸுல போயிட்டு வாங்க" என்றாள்.

உச்சிமாகாளிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எனக்கா கேட்டேன்? ஒனக்குட்டி! தினமும் அந்த நாய்க்கூட்டத்துக்குள்ள நீ ஒத்தையில போறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. ஒன்னையப் பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போகத்தான் ஒவ்வொருத்தன்ட்டயும் பல்லக் காட்டி மூடி சேத்தேன்!"

உலை கொதித்துப் பொங்கியது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று மட்டும் சொன்னாள் உலகம்மை. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவனுக்கு இருந்த கோபம் முழுக்க வடிந்துபோயிற்று.

மறுநாள் உலகம்மை முகம் கழுவிக் கிளம்பும்போது, அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கையில் ஒரு கம்பு. இருவரும் நடந்தார்கள். பாத்திரம் தேய்க்கிற வீட்டு மாமியின் கெடுபிடி, கோலப்பனின் கருமித்தனம், மகராசன் கண்டக்டர் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. கிள்ளிப்பாலத்தில் நாய்கள் ஆளுக்கொரு பக்கம் சுருண்டு கிடந்தன. இரண்டு பேரைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று தலையைத் தூக்கிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. உச்சிமாகாளி கம்பை ஓங்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கோட்டை வாசல் வந்தது. உலகம்மை நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம்."

"என்னட்டி?"

"இப்படிக் கூட நடந்து வாறதுக்கு எத்தன மூடி சேக்கணும்னு கம்பெனிக்காரன் சொன்னான்?"