மரகதம் அழிக்க விடாத படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை, மண்டி மொஹல்லாவில் நாங்கள் வேலை பார்க்கும் டி.டி.பி. கடைக்கு ஹனூரிலிருந்து போன் வந்தது. பத்து நாள் லீவில் ஊருக்குப் போன மரகதம் அவர்கள் மஞ்சள் காமாலையில் காலமாகிவிட்டார். அவருடைய நாற்காலி முதுகில் ஸ்வெட்டர் அப்படியே கிடந்தது.

நான் ஹனூர் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் முதலாளி கடை வாசலில் ஒரு தாள் ஒட்டிவிட்டார்: 'பணிவே உருவான ஊழியர்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், மரகதம் பணிவானவர் அல்லர். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வருவதற்கு முன் பெரிய தீசிஸ் என்றாலே எங்களுக்குக் கிலி. படங்களையெல்லாம் கோப்புக்குள்ளேயே திணிப்போம். நூறு பக்கம் தாண்டினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். மரகதம் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, கோப்பில் இணைப்பு மட்டும் கொடுத்தார். வேலை ஓடியது. "ஃபோல்டர்ல யாராச்சும் கை வெச்சீங்கன்னா, அத்தனை பக்கத்துலயும் படம் இருந்த இடத்துல வெறும் கட்டந்தானுங்க" என்று முதலாளி உட்பட எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். ஒருமுறை ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு கல்குவாரித் தொழிலாளர்களின் அறிக்கை வந்தது. விபத்தில் கை கால் இழந்தவர்களுக்கு நஷ்டஈடு கேட்டு, சங்கத்தார் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டியது. பலரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டுகூடக் கிடையாது, போட்டோதான் சாட்சி. அதில் மூன்று விரல் போன ஒரு வலது கை, மரகதத்தின் தம்பி செல்வராஜுடையது.

அறிக்கை கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது குவாரி கான்ட்ராக்டர் வந்து முதலாளியோடு காபி குடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் முதலாளி தன் கன்னடம் கலந்த தமிழில், "மரகதம்மா, ஆ போட்டோ எல்லாம் யாவ ஃபோல்டர்ல இருக்கு?" என்று கேட்டார். மௌஸைத் தொட்டே பழக்கமில்லாத மனிதர்! மரகதம் நிதானமாக இடத்தைச் சொன்னார். முதலாளி நகர்ந்ததும் மரகதம் என் பக்கம் திரும்பினார்.

"போட்டோவை மட்டும் தூக்கிட்டா கம்ப்யூட்டர் மேல பழி போட்டுக்கலாமுங்க அக்கா. முழு ரிப்போர்ட்டையும் அழிக்க அவருக்குத் தைரியம் பத்தாது. உள்ளயே பதிச்சு வெச்சிடறேன்."

அன்று முழுக்க இணைப்புகளைத் துண்டித்து, ஒவ்வொரு படத்தையும் கோப்புக்குள்ளேயே பதித்தார். கம்ப்யூட்டர் இரண்டு தடவை நின்றது. அறிக்கையை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துத் தொடர்ந்தார்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஃபோல்டரைக் காணோம். வந்திருந்த சங்கத்தாரிடம் முதலாளி, "கம்ப்யூட்டர் கெட்டோய்த்து, போட்டோ எல்லாம் போச்சு" என்று முகத்தைத் தொங்கப் போட்டார். மரகதம் பிரிண்ட் கொடுத்தார். நசுங்கிய கால், கட்டுப் போட்ட கண், செல்வராஜின் கை என்று படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மரகதம் முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஃபோல்டர்தானுங்க போச்சு. எங்காளுங்க உள்ளதான் இருக்காங்க. என்னை வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க."

எடுக்கவில்லை. பெரிய கோப்புகளைக் கட்டி மேய்க்க வேறு ஆள் எங்கே? மறுநாளும் ஒன்பது மணிக்கு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நஷ்டஈடு பாதிப் பேருக்குத்தான் வந்தது. மீதிப் பேருக்காகக் கடைசிவரை மனு தட்டிக்கொண்டிருந்தார்.

ஹனூரில் பாடையைத் தூக்கும்போது முன்கொம்பைச் செல்வராஜ் அந்த வலது கையால்தான் பிடித்தார். யாரோ மாற்றிக்கொள்ள வந்தார்கள், அவர் விடவில்லை. அங்கேதான் நான் உடைந்து அழுதேன்.

நேற்று கடைக்கு வந்ததும் முதலாளி ஒட்டிய தாளைக் கிழித்தேன். மரகதத்தின் கம்ப்யூட்டரிலேயே புதிது ஒன்று தட்டினேன்: 'மரகதம். கடைசிவரை அடங்காதவர்.' அவர் போட்டோவுக்கு இணைப்புக் கொடுக்கவில்லை, உள்ளேயே பதித்துப் பிரிண்ட் எடுத்து வாசலில் ஒட்டிவிட்டேன். கிழிக்கிறவர்கள் கிழிக்கட்டும், நான் மறுபடி பிரிண்ட் எடுப்பேன். போய் வாருங்கள், மரகதம்.