தமிழரசியின் ரத்த மாதிரி

ஆய்வகத்தில் மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தமிழரசியின் தம்பி அழைத்தான். "அண்ணே, அக்கா பூட்டாங்கண்ணே" என்றான். அன்று மாலையே மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். வர முடியாமல் போன தோழர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் என் எதிர்மேசையில் இருந்தவர். புளியந்தோப்புக் குடியிருப்பில் பிறந்து, கிருமியியல் படித்து, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஈ வைரஸைத் தன் வேலையாக வரித்துக்கொண்டவர்.

எர்ணாவூரில் காமாலை பரவிய கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இறந்தாள். பன்றிகளிடமிருந்துதான் நோய் வந்தது என்று ஊரின் கோபம் பன்றி வளர்ப்பவர்கள் மேல் திரும்பியது. அவர்களில் ஒருவர் ஆய்வகத்துக்கே வந்து நின்றார். "டாக்டரம்மா, பன்னிங்கள இட்டுகினு போயி கொல்லப் போறாங்களாம். வூட்டயும் காலி பண்ணணுமாம். நாங்க இன்னா பண்றது?"

தமிழரசி மறுநாளே பன்றிகளின் கழிவைச் சேகரித்து வந்தார். அதிலிருந்த வைரஸை இறந்த பெண்ணின் ரத்தத்தில் இருந்ததோடு ஒப்பிட்டோம். பன்றிகளில் இருந்தது மனிதருக்கும் தாவக்கூடிய வகைதான். ஆனால் இறந்த பெண்ணிடம் இருந்தது வேறு. மனிதரை மட்டுமே பற்றும் வகை. சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீரிலும் அதுவே இருந்தது. அந்தப் பெண்ணின் கணவரைத் தேடிப்போய்த் தமிழரசியே சொன்னார்: "பன்னிகிட்டருந்து வரலப்பா. மனுசங்ககிட்டருந்து, தண்ணி வழியா வந்துது." குழாயை மாற்றுவதற்குள் இன்னொரு கர்ப்பிணியும் போய்விட்டாள்.

ஒரு வகை ஏன் ஒரே உயிரினத்தோடு நிற்கிறது, இன்னொன்று ஏன் வேறு உயிரினத்துக்குத் தாண்டுகிறது என்று ஒருமுறை கேட்டேன். "முழுசா யாருக்கும் தெரியாது" என்றார். "ஆனா ரொம்ப நாள் ஒரு நோயாளி உடம்புல வைரஸ் தங்குனா, அந்த மனுசனோட மரபணுலருந்தே ஒரு துண்ட எடுத்துத் தனக்குள்ள சொருகிக்கும். அப்பறம் வேற விலங்கோட செல்லுலயும் வளரும். எப்பவும் இல்ல, எப்பயாச்சும். அதுக்கு நேரம் குடுத்தாப் போதும்."

பின்னர் தமிழரசியின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது தம்பி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். உடல் அதை ஏற்றுக்கொள்ள, நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள். ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்கு வந்தார். ராயபுரம் மீன் சந்தை எலிகளில் இந்த வைரஸின் எலி வகையைத் தேடிக்கொண்டிருந்தோம். அது மனிதருக்கு அரிதாகவே வரும்.

போன ஆண்டு அவர் கண்கள் மஞ்சளாயின. வழக்கமான சோதனைகள் எதையும் காட்டவில்லை. மாதங்கள் ஓடின. ஒரு காலையில் தன் ரத்தத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"எலிக்குப் போடற சோதனைல இதயும் போடு."

திரையில் கோடு ஏறியது; எலி வகை வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நாளா உள்ள கீது போல" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைக் குறைத்தால் உடல் வைரஸை எதிர்த்து, கல்லீரல் தேறலாம். ஆனால் தம்பி கொடுத்த சிறுநீரகம் போகலாம். அவர் தயங்கியே நாட்களைக் கடத்தினார். கடைசியில் தம்பிதான் கெஞ்சினான்: "அது போனா போவுதுக்கா. நீ இருந்தா போதும்." குறைத்தார்கள், வைரஸுக்கான மருந்தும் கொடுத்தார்கள். சிறுநீரகம் முதலில் போனது. காலம் கடந்திருந்தது, கல்லீரலும் தேறவில்லை.

அவர் கவனக்குறைவாக எலிகளைக் கையாண்டார் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். எலிகள் அவர் குடியிருப்பிலும் உண்டு, சந்தையிலும் உண்டு. எங்கே தொற்றியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வேலை. காமாலை என்று வரும் ரத்தத்தில் வழக்கமான சோதனை எதையும் காட்டாவிட்டால், எலி வகைக்கும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. சென்ற வாரம் அத்திப்பட்டைச் சேர்ந்த ஒருவரின் மாதிரியில் கோடு ஏறியது. அவருக்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள்.