சாம்பிராணி போடாத வீட்டில்

முதலில் வந்தது வாசம்தான். மலேசியாவில் ரெங்கம் ஊரில், தாமான் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். குப்பென்று சாம்பிராணி வாசம். வீட்டில் யாரும் போடவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சூடு நெஞ்சுக்கு ஏறியது. அதற்குப் பிறகு நினைவில்லை.

தெளிந்தபோது நெற்றி நிறையத் திருநீறு, கையில் எலுமிச்சம்பழம். குழம்பில் உப்பில்லை என்று முந்தின நாள் திட்டித் தீர்த்த மாமியார் என் காலடியில் கிடந்தார்.

"தாயே, எங்க வீடு தேடி வந்திட்டியே!"

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அதன்பின் அடிக்கடி நடந்தது. உதட்டைச் சப்புவேனாம், ஏதோ முனகுவேனாம். அதைக் குறி என்று கேட்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அம்மன்தான் என்மேல் வருகிறாள் என்று நானும் நம்பினேன். பிள்ளையில்லாதவள் என்று யாரும் வளைகாப்புக்குக்கூட அழைக்காத என்னைத் தேடி ஒருத்தி வருகிறாள். சும்மாவா?

ஒரு வெள்ளிக்கிழமை எரியும் கற்பூரத் தட்டின்மேல் விழுந்தேன். முழங்கை வெந்துபோனது. சுற்றி நின்ற யாரும் பிடிக்கவில்லை. சாமியை யார் தொடுவார்கள்? என் கணவரும் கைகூப்பித்தான் நின்றாராம். இன்றும் அதுதான் எனக்கு ஆறவில்லை.

புண்ணுக்காகத்தான் பக்கத்து ஊரான குளுவாங்கில் உள்ள மருத்துவமனைக்குப் போனோம். கட்டுப் போட்ட தமிழ் டாக்டர் விழுந்த கதையைக் கேட்டார். "அக்கா, விழறதுக்கு முன்னாடி ஏதாவது வாசம் வருமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் பரிசோதனை) எடுத்தார்கள். வலிப்பு என்றார்கள். கைகால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பல்ல. மூளையின் ஓரிடத்தில் மின்னோட்டம் தடுமாறினால் இல்லாத வாசமும் வருமாம்.

"அப்ப வந்தது அம்மன் இல்லையா டாக்டர்?"

"கோயில்ல அருள் வர்றவங்களைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா. உங்களுக்கு வர்றது வலிப்பு லா. மருந்தை விட்டுடாதீங்க."

மருந்துக்கு வலிப்பு அடங்கியது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், கும்பிடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நெருப்பு, கத்தி பக்கம் போகாமல் பிடியுங்கள். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பெண்கள் வருவது நின்றது. மாமியார் உப்புக்குத் திரும்பினார். ஒருநாள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு வேளை மாத்திரையை விட்டா என்னம்மா? அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார். முடியாது என்றேன். ஆனால் அந்த ஆசை எனக்கும் இருந்தது.

போன வாரம் சாயங்காலம் மறுபடியும் சாம்பிராணி வாசம். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். முன்பெல்லாம் அந்தப் பொழுதில் நினைவு அப்படியே அறுந்துபோகும். இப்போது குழாய் சொட்டும் ஒவ்வொரு சத்தமும் கேட்டது. சூடு ஏறவில்லை. வா தாயே என்று மனதுக்குள் அழைத்தேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

கணவர் ஓடிவந்து என் தலைக்கடியில் கையைக் கொடுத்தார்.

"ஏங்க, வாசம் வருது."

"எனக்கும் வருது மல்லிகா. பக்கத்து வீட்ல போட்டிருக்காங்க. உனக்கு ஒன்னும் இல்லியே?"

"ஒன்னும் இல்லங்க. நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலேயே முகத்தை வைத்து அழுதேன்.