பொங்கல் குழுவின் பாஸ்வேர்டு

"செயலாளர் போலீசில் புகார் தருவார்." சென்ற ஜனவரியின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குடியிருப்புப் பொங்கல் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் இதை எழுதியவன் நான்தான். குழுவின் இணையதளத்துக்குள் யாரோ நுழைந்து, செயலாளரின் படத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் மாடி வீட்டுக் கல்லூரி மாணவி தானாகவே என்னிடம் வந்தாள்.

"நான்தான் அங்கிள். சும்மா விளையாட்டுக்கு. கேஸ் ஆச்சுன்னா சைபர் செக்யூரிட்டி கோர்ஸ்ல சீட் தரமாட்டாங்க."

செயலாளரிடம் அழைத்துப் போனேன். "பாஸ்வேர்டு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார்.

"அழைப்பிதழ்ல நீங்களே போட்டிருக்கீங்களே அங்கிள், குழு போன் நம்பர். அதேதான்!"

அந்தப் பாஸ்வேர்டை வைத்தவர் செயலாளர்தான். சிரித்துவிட்டார். "அச்சா, முதல்ல என் கண்ணாடியைக் கழட்டு."

நுழைந்த வழியையும் அதை அடைக்கும் முறையையும் அவளையே எழுதித் தரச் சொன்னோம். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ள, புகார் வரியை அடித்துத் தேதியிட்டேன். அந்த அறிக்கையை அவள் கோர்ஸ் விண்ணப்பத்தோடு இணைத்தாள்.

சீட் கிடைத்துவிட்டதாக அவள் அம்மா படிக்கட்டில் சொன்னார். சேர்க்கைக் கடிதத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே குறிப்பேட்டில் ஏற்றவில்லை.