தூணுக்குப் பின்னால் ஒரு வக்கீல்

இத்தோரோவுக்கு நீதிமன்றம் என்றால் பயம். வக்கீலுக்குப் படிக்கிறவளுக்கு வரக்கூடாத வியாதிதான். வந்துவிட்டது, என்ன செய்ய? கலபார் நகரத்துக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சட்டம் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பறைத் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள். எந்தப் பேராசிரியர் கண்ணிலும் படாமல் நான்காம் ஆண்டுவரை வந்தும் சேர்ந்தாள். ஊரில் அவளை இப்போதே 'பாரிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்டதும் அவள் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவாள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து மாதிரி நீதிமன்றம் உண்டு. கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்து, நீதிபதியாக உட்காரும் பேராசிரியர் முன்னால் வாதாட வேண்டும். போன வருடம் இத்தோரோ எழுந்து நின்றாள், வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறையும் தோற்றால் சட்டத்தை விட்டு வேறு துறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வழக்கில் அவளுக்குச் சீனியர் வக்கீலாக வாய்த்தவன் அதே வகுப்பு உபோங். வாய்க்குப் பூட்டே கிடையாது, படிப்பதற்குத்தான் சோம்பல். வாதத்தை எழுதிக் கொடுத்தது இவள். பதிலுக்கு அவன் தப்பிக்க ஒரு வழி சொன்னான்.

"நான் முழுசாப் பேசிடறேன். நீ எழுந்து, 'என் சீனியர் வாதத்தையே ஏத்துக்கறேன், மை லார்ட்'னு சொல்லிட்டு உக்காந்துடு. பாஸ் மார்க்குக்கு அது போதும், தாயே."

நிஜ நீதிமன்றத்திலும் பல ஜூனியர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். அந்த ஒரு வரியைக் குளிக்கும்போதும் பேருந்திலும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள்.

அன்று நீதிபதி நாற்காலியில் பேராசிரியை எக்பென்யோங். பெண்ணானாலும் நீதிபதி அங்கே 'மை லார்ட்'தான். உபோங் அங்கியை ஒரு உதறு உதறி எழுந்து, கணீரென்று ஆரம்பித்தான். அம்மாள் அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

"யாரோ பேசற சத்தம் கேக்குது. என் கண்ணுக்கு யாரும் தெரியல."

அது அங்கே நீதிமன்ற வழக்கம். உடை சரியில்லாத வக்கீல் நீதிபதியின் கண்ணுக்குத் தெரியமாட்டான், தெரியாதவன் பேசவும் முடியாது. உபோங் குனிந்து பார்த்தான். மதியம் மூக்குப் பிடிக்கத் தின்ற அஃபாங் கீரைக் குழம்பின் பனை எண்ணெய், வெள்ளைப் பட்டையில் செக்கச்செவேல் என்று சொட்டியிருந்தது. வாதாடப் போகிறவனுக்கு அப்படி என்ன பசியோ.

"உன்னோடதக் கழட்டிக் குடு," என்றான் வாயசைக்காமல்.

இத்தோரோவுக்கு உயிர் போய் வந்தது. சீனியர் பேசாவிட்டால் இவள் ஏற்றுக்கொள்ள வாதமே இல்லை. பட்டையைக் கொடுத்தால் அவன் பேசலாம், ஆனால் இவள் மறைந்துபோவாள், மார்க்கும் போகும், சட்டமும் போகும். எல்லாம் தெரிந்தும் அவள் கை கழுத்துக்குப் போயிற்று. பயம் அப்படி. அவசரத்தில் தவறான நுனியை இழுக்க, முடிச்சு அவிழாமல் இறுகியது. மறுபடி இழுத்தாள், இன்னும் இறுகியது.

"ஜூனியர் வக்கீல் எனக்கு நல்லாத் தெரியறாங்க. ஆரம்பிக்கலாம்," என்றார் அம்மாள்.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதல் வாக்கியம் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் சந்தையில் கடை பூட்டப்பட்ட மீன்காரியின் வழக்கு அது. முன்னறிவிப்பு இல்லாமல் கடைச் சொந்தக்காரர் பூட்டியது செல்லாது என்று எழுதியவளே இவள்தான். இரண்டாம் வாக்கியம் வந்தது, பின்னாலேயே மூன்றாவதும் வந்தது. அம்மாள் குறுக்கே கேட்ட கேள்விக்குக்கூட ஏதோ ஒரு பதில் வந்துவிட்டது. மேசையைப் பிடித்த கையை மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை.

முடித்ததும் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க, வக்கீல்?"

பயத்தில் பொய் எங்கே வரும்? "தூணுக்குப் பின்னாடி, மை லார்ட்."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல என் வகுப்புல முதல் வரிசைல உக்காருங்க."

வாசலைத் தாண்டிய பிறகுதான் இத்தோரோவுக்கு உறைத்தது. நாளைக்குக் காலையில் அவளுக்குச் சட்ட வகுப்பு இருக்கிறது, அப்படியென்றால் வேறு துறைக்கு அனுப்பவில்லை. சந்தோஷப்படலாம் என்று நினைத்தாள். அதற்குள் முதல் வரிசை ஞாபகம் வந்து, அங்கே தூண் ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தாள்.