வண்டியில் ஒரு இடம்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இது நடந்தது. கீழப்பழுவூர்ப் பக்கம், வாந்திபேதி ஊர் ஊராக வாரிக்கொண்டு போன நாற்பத்துமூன்றாம் வருஷம். அதுவும் பட்டப்பகலில்.

சவரிராஜ் ஆஸ்பத்திரி வண்டியில் போகிற டிரெஸ்ஸர், டாக்டருக்குக் கையாள். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் அந்த வண்டியில் ஒரே கட்டில். யாருக்கு முற்றிவிட்டது என்று பார்த்து ஏற்றுவது அவன் பொறுப்பு. புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்குவான். மடிப்பு படிந்துவிட்டால் அடுத்த நடைவரை தாங்கும். படியாமல் நின்றால் முதலில் ஏற்றவேண்டிய ஆள். மணிக்கட்டில் சிவப்புத் துணி கட்டுவான். கத்துகிறவர்களை நம்பமாட்டான். சத்தமில்லாமல் கிடப்பவர்களைத்தான் தேடிப்போவான்.

தர்மன் என்ற கூலிக்காரர் மகள் பச்சையம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். சிறுமியைக் கிள்ளினான். மடிப்பு மெல்லப் படிந்தது.

"தாங்கும்யா. அடுத்த நடையில ஏத்திக்கிறேன்."

"ஒத்தப் புள்ளைங்க, சாமி..."

அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான். கிள்ளிய தோல் நின்றது நின்றபடியே. நாடி அகப்படவில்லை. முற்றிய காலராவில் அது வழக்கம்தான். ஆனால் சேலை காய்ந்திருந்தது. ஒரு ஈகூட உட்காரவில்லை...

"இது யாருங்க?"

சுற்றி நின்றவர்கள் சுவரையே வெறித்துப் பார்த்தார்கள். பயத்தில் உறைந்துபோயிருக்கிறார்கள், பாவம் என்று நினைத்தான். துணியைக் கட்டித் தூக்கினான். கனமே இல்லை.

தர்மன் வண்டியின் பின்னாலேயே ஓடினார். "வண்டி காலியாத்தானே போவுது, சாமி! எம் புள்ளைய ஏத்துங்க!"

பெற்ற மனசு, ஏதோ பிதற்றுகிறது. சவரிராஜ் கதவைச் சாத்தினான்.

தண்ணீரை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"தாகமில்ல."

காலரா கண்டவர் யாரும் சொல்லாத வார்த்தை...

அவள் சிரித்தாள்.

டம்ளர் கைதவறியது. குனிந்தான். நிமிர்ந்தான்.

கட்டில் காலி.

சிவப்புத் துணி கிடந்தது... முடிச்சு அவிழாமல்.

"மாதாவே! வண்டியைத் திருப்புடா!"

"வெறும் வண்டிய ஏன் எடுக்கச் சொன்னீங்கன்னே புரியலண்ணே," என்றான் டிரைவர் செல்லதுரை.

திரும்பி வந்தபோது பச்சையம்மாள் அப்பா மடியில் கிடந்தாள். கிள்ளினான். மறுபடி கிள்ளினான். மடிப்பு படியவில்லை. மூச்சு நின்றிருந்தது; செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அழுதான்.

"அந்தச் சுவரோரம் ஒரு பொம்பள..."

"அங்கதாங்க இவ அம்மா நேத்து செத்தா," என்றார் தர்மன். "புள்ளைய வுட்டுட்டுப் போவமாட்டேன்னு சொல்லிக்கிட்டே கண்ண மூடினா."

அதற்கப்புறம் சவரிராஜ் யாரையும் கிள்ளுவதற்கு முன் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்பான்: "இவங்க உங்க கண்ணுக்குத் தெரியறாங்களா?" டாக்டர்கூடக் கேலி செய்தார்.

அடுத்த மாசம் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஊர். சத்தமில்லாமல் கிடந்த ஒருவரைக் காட்டி அவன் அதையே கேட்டான். கூட்டத்தில் ஒருவர் விழித்தார்.

"யாரைக் கேக்கறீங்க? இங்க யாரும் இல்லீங்களே."